ஜோடிக் கிளிகள்

"பழைய போட்டோவைக் கிழியாம உரிச்சுக் குடுங்க. புதுசை ஒட்டிடுங்க" என்று வெள்ளையம்மாள் இரண்டு மரக்கிளிகளையும் மேஜைமேல் வைத்தாள்.

ஸ்ரீரங்கத்துக் கடையில் விக்டர் தன் கையாலேயே வர்ணம் தீட்டி அவளுக்கு விற்ற ஜோடி அது. கிளிக்கொன்றாக ஒட்டியிருந்த போட்டோக்களில், ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற அவளுடைய இரட்டைப் பிள்ளைகள் பால்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விக்டர் ஈரத்துணியால் ஒற்றி, இரண்டையும் பதமாக உரித்தான். புதுப் போட்டோக்களில் பசை தடவப் போனவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"ஏம்மா, ஸ்டூடியோக்காரன் உங்களை நல்லா ஏமாத்திட்டான்! ரெண்டுலயும் ஒரே பையன்தான். நெகட்டிவைத் திருப்பிப் போட்டா ஆள் மாறிடுமா? பாருங்க, இதுல சட்டைப்பை வலது பக்கம் இருக்கு. பசங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க, நானே வந்து அவனை ஒரு வழி பண்றேன்."

"நான்தாங்க அப்படிப் போடச் சொன்னேன். இதை உங்ககிட்ட வாங்கின வருஷமே மூத்தவன் மருதை, அம்மை போட்டுப் போயிட்டான்."

விக்டர் உரித்து வைத்த பழைய படங்களைக் கையில் எடுத்தான். "அப்ப அவனோட பழைய படமே இருக்கட்டுமேம்மா."

"தம்பி வளந்துகிட்டே போறான். இவன் மட்டும் சின்னப் புள்ளையாவே நிக்கணுமாங்க?"