பூனைக்கு அர்த்தம்

கணவரின் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருப்பவளின் கை நின்றுபோகிறது. மேசையில் அவருடைய கைபேசி ஒளிர்கிறது. பெண் மேனேஜர் அனுப்பியிருக்கும் ஆங்கில வரியை, அவள் தன் கைபேசியில் தமிழாக்கிப் பார்க்கிறாள்: ‘பூனையைப் பையிலிருந்து வெளியே விட்டுவிடாதீர்கள்.’ தலை துவட்டியபடி வருகிறவரிடம், “யாருங்க அந்தப் பூனை?” என்கிறாள். அவர் தேவைக்கு மேல் சிரிக்கிறார். “அது இங்கிலீஷ்காரன் சொலவடை. அந்தக் காலத்துச் சந்தையில பன்றிக்குட்டின்னு சொல்லி, கட்டின சாக்குல பூனையை வச்சு வித்துடுவாங்களாம். அவிழ்த்தா பூனை குதிச்சிடும், குட்டு உடைஞ்சிடும். ரகசியத்தை வெளியே விடாதேன்னு அர்த்தம்.” “கதை நல்லாத்தான் இருக்கு. அந்தம்மாவுக்கும் உங்களுக்கும் என்ன ரகசியம்?” ஈரத்தலையிலிருந்து ஒரு சொட்டு, தேய்த்த காலரில் விழுகிறது. “சேச்சே, நீ நினைக்கிறது இல்ல. அடுத்த மாசம் எங்க ஆபீசை மூடறாங்க. மூச்சு விடாம இருந்தா என்னை மட்டும் வேற கிளைக்கு மாத்தறாங்களாம்.” அவள் முகம் ஒரு கணம் தெளிந்து, உடனே இறுகுகிறது. அவள் தம்பிக்கும் அதே ஆபீசில்தான் வேலை. வேறு கம்பெனியிலிருந்து வந்த வேலை அழைப்புக்கு இன்று மதியத்துக்குள் அவன் பதில் சொல்ல வேண்டும். “நேத்து அவன் யோசனை கேட்டப்ப, இங்கேயே இருன்னுதானே சொன்னீங்க?” இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தம்பியின் எண்ணை அழுத்துகிறாள். “சொல்லுக்கா” என்று குரல் வந்ததும் கைபேசியைக் கணவரிடம் நீட்டுகிறாள். “நீங்களே சொல்லுங்க.”