வண்டியின் குறைகள்

"ஸ்கூட்டர் ஒண்ணு எடுத்துக்கோக்கா. இதெல்லாம் காயலான் கடைக்குப் போறது" என்றான் தம்பி.

அக்கா காதில் வாங்கவில்லை. பழைய வண்டிகள் விற்கும் அந்தக் கொட்டகையின் மூலையில், தார்ப்பாயை விலக்கி, கறுப்பு மோட்டார் சைக்கிள் ஒன்றைச் சுற்றி வந்தாள்.

"பண்ணைச் சேத்துல ஸ்கூட்டர் புதைஞ்சுடும்டா."

மாட்டு டாக்டர் அவள். போன மழைக்காலத்திலிருந்து தம்பியின் காரில்தான் பண்ணைகளுக்குப் போகிறாள். அவனுக்கு ஒழிந்த நேரம் பார்த்துத்தான் கன்றுகள் பிறக்க வேண்டியிருந்தது.

அலுவலகத்தில் மேஜை வேலை தருகிறோம் என்றார்கள். அவள் மறுத்துவிட்டாள்.

கையில் பழைய மோட்டார் இதழ் ஒன்று இருந்தது. அவள் பிறப்பதற்கு முன்னால் அச்சானது. அப்படிப்பட்ட இதழ்களை ஒரு கட்டாகவே எடைக்கு வாங்கி, வண்டிகளை ஓட்டிப் பார்த்து எழுதிய பக்கங்களை மட்டும் படித்திருந்தாள். புகழ்ச்சியைத் தாண்டிவிடுவாள். குறை சொன்ன இடத்தில் நிறுத்தி, பென்சிலால் கோடு போடுவாள்.

இந்த வண்டியை அதில் கிழி கிழி என்று கிழித்திருந்தார்கள்.

கடைக்காரருக்கும் விற்க மனசில்லை. "வேணாம்மா. இதுல எல்லாமே தலைகீழ். கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. பழகினவங்களே தடுமாறிடுவாங்க."

"படிச்சேன். அதனாலதான் வந்தேன்."

உதைத்தாள். இருமியது. மறுபடி உதைத்தாள். கொட்டகையின் தகரம் அதிர்ந்தது.

தம்பி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "அம்மாவுக்கு நான் என்னக்கா பதில் சொல்றது?"

"அக்கா ஓட்டிட்டு வர்றான்னு சொல்லு. கையை எடு."

எடுத்தான்.

வெளியே மண் திடலில் ஒரு சுற்று வந்தாள். வலது பாதம் லீவரைத் தூக்கியும் அழுத்தியும் கியர் மாற்றியது. திரும்பி வந்து, இருவருக்கும் முன்னால் இடது காலால் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வண்டி புழுதியோடு நின்றது.

பேன்ட்டின் இடது பக்கம் மேலேறியிருந்தது. கடைக்காரரின் பார்வை அங்கேயே நின்றுவிட்டது. முழங்காலுக்குக் கீழே, பிளாஸ்டிக்கும் இரும்புக் கம்பியும்.

அவள் இழுத்து மூடவில்லை. விரல் முட்டியால் அதைத் தட்டிக் காட்டினாள்.

"இது நல்லா மிதிக்கும். லீவரைத் தூக்கத்தான் வராது. இப்ப வர்ற வண்டியில எல்லாம் கியரை இந்தக் கால்லதான் வச்சிருக்காங்க."

அன்று தம்பி காரில் தனியாக வீடு திரும்பினான்.