எது நீலம்?

“அம்புட்டும் நீலந்தான் தாயி. நல்லாப் பாருங்க” என்றாள் பொன்னுத்தங்கம்.

ஆர்த்தி மறுபடியும் பார்த்தாள். சிமெண்டுத் தரையில் கொட்டிக் கிடந்த கற்களில் சாம்பல் நிறம் இருந்தது, கறுப்பு இருந்தது, செங்கல் பொடியைப் பூசினாற்போல் ஒரு சிவப்பும் இருந்தது. நீலம் மட்டும் இல்லை.

ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் திருப்பினாள். விரல் மூட்டுகள் விண்ணென்று தெறித்தன. 2006 தீபாவளி முடிந்த கையோடு சிக்குன்குனியா அவளை விருதுநகர் வீட்டில் கட்டிலோடு கிடத்தியது. அதே நேரம் பார்த்து, நாலுவழிச் சாலைக்கு ஜல்லி வேண்டுமென்று ஆமத்தூர்ப் பக்கத்துப் பாறைமேட்டை உடைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பூமிக்கடியில் பெருஞ்சூட்டில் வெந்து உருமாறி மேலே வந்த பாறை அது. அதன் சில்லு ஒன்றை மதுரையில் தான் ஆராய்ச்சி செய்யும் கல்லூரியில் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தபோது, கடுகில் பாதிகூட இல்லாத ஒரு நீலப் புள்ளியைக் கண்டிருந்தாள். சஃபைரின். அபூர்வமான கனிமம். பேராசிரியர் நம்பவில்லை. நீ பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்திருக்கிறாய் என்றார். கையில் வைத்துப் பார்க்கிற அளவில் ஒரு கல் கொண்டுவா, இல்லாவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றிக்கொள் என்றும் சொல்லிவிட்டார்.

மேட்டுக்கு வரும்போதெல்லாம் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பழகிய வீடு பொன்னுத்தங்கத்தினுடையது. சீசன் முடிந்து அவள் வேலை பார்க்கும் மத்தாப்பு கம்பெனி மூடியிருந்தது. நீலக் கல் கிடைத்தால் ஒன்று விடாமல் எடுத்து வைக்கும்படி படுக்கையில் இருந்தபடியே அவள் வீட்டுப் பக்கத்துக் கடை போனுக்குக் கூப்பிட்டுக் கெஞ்சியிருந்தாள் ஆர்த்தி.

இப்போது மேடு இருந்த இடத்தில் பள்ளம்தான் தெரிந்தது. மிச்சம் இந்தக் குவியல்.

உள்ளே வந்தாள். கேட்கக் கூச்சமாக இருந்தது, இருந்தும் கேட்டாள்.

“அக்கா, என் சுடிதார் என்ன கலரு?”

“காய்ச்சல்ல கண்ணும் போயிருச்சா தாயி? கிளிப்பச்சை. துப்பட்டா மாம்பழ மஞ்ச.”

நிறம் தெரியாதவள் இல்லை. கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தாள். ஒரு வேலையை ஒழுங்காக முடித்தவளின் நிறைவுதான் அதில் இருந்தது. ஆர்த்தி ஒரு கல்லை மூக்கருகே கொண்டுபோனாள். பொட்டுவெடி வெடித்த வாசம். கல்லில் எப்படி அந்த வாசம் வரும்? பொன்னுத்தங்கத்தின் கையிலிருந்து ஒட்டியிருக்குமோ? கம்பெனி மூடித்தான் நாளாகிறதே.

ஆர்த்திக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. எதிரே இருப்பவள் இத்தனை உறுதியாக நீலம் என்கிறாள். அன்றைக்கு மதுரையில் தானும் இதே உறுதியோடுதானே சொன்னோம்? பேராசிரியர் தன்னைப் பார்த்த பார்வையைத்தான் இப்போது தான் இவளைப் பார்க்கிறோமோ? ஒருவேளை அந்தப் புள்ளி எந்தக் காலத்திலும் அங்கே இருக்கவில்லையோ? கற்களைப் பார்க்கப் பார்க்க, நீலம் என்பது எப்படி இருக்கும் என்பதே மறந்துவிடும்போல் இருந்தது.

பொன்னுத்தங்கம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஒரு லாரி விடாமல் ஓட்டுநர்களை நிறுத்தி வைத்துப் பொறுக்கியதையும், அவர்கள் இவளைக் கல்லுக்கிறுக்கி என்று பட்டப்பெயர் வைத்ததையும் சிரித்தபடி சொன்னாள்.

“இது நீலம்னு எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?”

“பாத்தா எப்படித் தெரியும்? கம்பெனியில பச்சை உப்புன்னு ஒண்ணு இருக்கு. பேருதான் பச்சை, ஆளு வெள்ளைவெளேர்னு இருக்கும். மத்தாப்புல எரிஞ்சாத்தான் பச்சையே. நீங்க நீலக் கல்லுன்னு சொன்னீகள்ல, அதான் ஒவ்வொண்ணா அடுப்புல போட்டுப் பாத்தேன். நீலமாச் சுடர் விட்டதை மட்டும் எடுத்து வச்சேன்.”

ஆர்த்திக்கு விளங்கிவிட்டது. எரிந்தது பாறையில் கலந்திருந்த கந்தகம்; அந்த வாசமும் அதனுடையதுதான். கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள். அடுத்த கேள்வியைக் கேட்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

“அப்ப, எரியாத கல்லெல்லாம்?”

“அது என்னத்துக்கு ஆகும்? நேத்து ஜல்லி லாரியிலயே அள்ளிப் போட்டுட்டேன்” என்ற பொன்னுத்தங்கம் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அதுல ரெண்டு கூடை, மயில் கழுத்து கணக்கா நீலமா மினுக்கிக்கிட்டு, என்னையே ஏமாத்தப் பாத்துச்சு தாயி.”