ஒரு நெல்லின் சத்தம்

சட்டமன்றத்தில் கேள்வி நேரம் முடியப் பத்து நிமிஷம்தான் இருக்கிறது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்த எம்.எல்.ஏ. விண்ணரசி எழுந்து நிற்கிறாள். அவள் ஊர்க் கொள்முதல் நிலையத்து வாசலில், ஈரம் அளக்கும் மெஷினைக் காட்டி அதிகாரிகள் வாங்க மறுத்த நெல் பன்னிரண்டு நாளாகக் குவிந்து கிடக்கிறது. ஆண்கள் சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். மேகத்தைப் பார்த்துக்கொண்டு தார்ப்பாயைப் பிடித்திருப்பவர்கள் பெண்கள்தான். "காய்ந்த நெல்லை வாங்க அரசு தயார்" என்று தாளைப் பார்த்து வாசிக்கிறார் உணவு அமைச்சர். "காய்ஞ்சிருக்கான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று விண்ணரசி நெல் முடிந்த கைக்குட்டையை அவிழ்க்கிறாள். "அவைக்குள்ள பொருள் கொண்டாரக் கூடாதும்மா" என்கிறார் பேரவைத் தலைவர். "பொருள் இல்லீங்கய்யா, சோறு." மேசைகள் தடதடக்கின்றன. பேரவைத் தலைவர் சிரித்துத் தலையசைக்க, அவைக் காவலர் கொண்டுபோய்க் கொடுத்த நெல்லில் ஒன்றை அமைச்சர் எடுக்கிறார். அவரும் வயல்காட்டுப் பிள்ளை. பழக்கத்தில் கை தானாக வாய்க்குப் போகிறது. ஈர நெல்லென்றால் பல்லில் சத்தமில்லாமல் நசுங்கும். இது மைக்குக்கு முன்னால் 'டக்'கென்று ஒடிந்து மண்டபம் முழுக்கக் கேட்கிறது. எதிர்வரிசை, ஆளும் வரிசை எல்லாம் சிரிக்கிறது. உமியைத் துப்ப இடமில்லாமல் அமைச்சரும் வாய்பொத்திச் சிரிக்கிறார். "அவைக்குறிப்புல ஏத்திக்கங்கய்யா" என்று உட்காருகிறாள் விண்ணரசி, "நெல்லு காய்ஞ்சிருக்குன்னு அமைச்சரே சொல்லிட்டாரு."