அணைக்கக்கூடாத ஒளி

சுபைதா பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியது ஒரு திருகைத் திருப்புகிற நேரத்துக்குத்தான். வியர்வையில் அது மங்கியிருந்தது. வலது கண்ணுக்குள் ஏதோ சொடுக்கியது போலிருந்தது, வலிக்கவில்லை. கண்ணாடியை அவசரமாக மாட்டிக்கொண்டாள்.

காற்றே இல்லாத கூண்டுக்குள், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள ஒரு துகளைக் கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி மூன்று வாரமாக அந்தரத்தில் தாங்கிக்கொண்டிருந்தது. அதன் துடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரவைத்து அடக்குவதுதான் அவளுக்கும் அருள்தாஸுக்கும் வேலை. ஒளியை அணைத்தால் துகள் விழுந்துவிடும். விழுந்தால் திரும்பக் கிடைக்காது.

இடது கண்ணை மூடிப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் முட்கள் இருந்த இடத்தில் ஒரு கருவட்டம். கதவைப் பார்த்தாள், கைப்பிடியைக் காணோம். லேசர் கண்ணில் பட்டதைச் சொன்னால் அருள்தாஸ் அந்த நொடியே ஒளியை அணைத்துவிடுவார்.

"சுபைதா! அடங்கிருச்சும்மா! இவ்வளவு அசையாம இது நின்னதே இல்ல. இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே நின்னா போதும்."

அருள்தாஸ் கணினித் திரையை விட்டுச் சிரித்தபடி திரும்பினார். அவள் வலது கண்ணால் மட்டும் பார்த்தாள். இரண்டு காதுகளும் கழுத்தும் தெரிந்தன. நடுவில் முகம் இல்லை.

"என்னம்மா, அழறியா?"

"சந்தோஷத்துல, அண்ணா," என்றாள் சுபைதா. அவர் திரைக்குத் திரும்பியதும், வட்டம் பெரிதாகிறதா என்று பார்க்க மறுபடியும் இடது கண்ணை மூடினாள்.