வரிசையில் முதல் ஆள்

"இன்னும் வரலீங்க சார்" என்றாள்.

வந்துவிட்டது. அந்த வாட்ச் அவளுக்குப் பின்னால், சுவருக்குள் பதித்த இரும்புப் பெட்டியில் இருந்தது. காலையில் அவள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி உள்ளே வைத்தாள்.

சென்னியப்பன் தலையை ஆட்டிக்கொண்டார். பம்புசெட் கம்பெனி முதலாளி. போன தீபாவளிக்கு வந்தபோது நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். இப்போது இரண்டு பக்கமும் இடம் மிச்சம் இருந்தது. கீமோ முடியைக் கொண்டுபோய்விட்டது. கோயம்புத்தூர் வெயிலில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

இந்தக் கடையில் பணத்தை நீட்டினால் வாட்ச் கிடைக்காது. அதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். புது மாடலைக் கொஞ்சமாகத்தான் செய்வார்கள். அது வேண்டும் என்றால் முதலில் விலைபோகாத மாடல்களை வாங்கி, நல்ல பிள்ளை என்று பெயர் எடுக்க வேண்டும்.

அவர் எடுத்திருந்தார். மனைவிக்கு இரண்டு, மருமகனுக்கு ஒன்று.

நாலு வருடம் காத்திருந்து, வரிசையில் முதல் ஆளாகவும் ஆகிவிட்டார்.

இது மட்டும் ஏன் சார் என்று ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"இதுவரைக்கும் வாங்குனதெல்லாம் அடுத்தவங்களுக்குத்தானுங்க அம்மிணி. இது ஒண்ணு எனக்கு."

நேற்று வாட்ச் கம்பெனியின் பம்பாய் ஆபீஸிலிருந்து போன் வந்தது. மேனேஜர் நிர்மல் ஸ்பீக்கரில் போட்டான்.

சென்னியப்பன் எத்தனை நாள் கட்டுவார் என்று கேட்டார்கள். அவர் போனதும் பிள்ளைகள் விற்றுவிடுவார்கள். பழைய வாட்ச் சந்தைக்கு வந்தால் புதுசின் மவுசு குறையும். அவருக்குப் பதிலாக ஒரு நடிகரின் பெயரைச் சொன்னார்கள். அவர் கட்டினால் ஊரே பார்க்கும்.

யாரும் குரலை உயர்த்தவில்லை. ஒருவர் பாவம் என்றுகூடச் சொன்னார்.

அவளும் "ஓகே சார்" என்றாள்.

"அந்த ஷோகேஸ்ல இருக்கறதக் கட்டிப் பாக்கலாமுங்களா?"

அதே மாடல்தான். விற்பனைக்கு அல்ல, பார்வைக்கு மட்டும் என்று அட்டை வைத்திருந்தார்கள். ஆசையைக் கிளப்பிவிடுவதற்காக ஒவ்வொரு கடைக்கும் ஒன்று அனுப்புவது கம்பெனி வழக்கம்.

கையுறை போட்டுக்கொண்டு எடுத்தாள். கட்டிவிட்டாள்.

அது வழுக்கிக்கொண்டு முழங்கை வரை போய் நின்றது.

அவர் சிரித்தார். அதை மெல்ல மணிக்கட்டுக்கு இறக்கி, மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். முள் ஓடுவதைப் பார்த்தார். கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

அவள் ஷோகேஸில் காலியான இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிர்மல் நின்றுகொண்டிருந்தான்.

அவரே கழற்றிக் கொடுத்தார்.

"அடுத்த மாசம் வந்துருமுங்களா?"

"வந்துருமுங்க."

"சேரி, அப்ப ஒரு லேடீஸ் வாட்ச் பில் போட்டுருங்க. நம்ம எடம் கைய விட்டுப் போயிரக் கூடாது பாருங்க."

மனைவி போன தை மாதம் இறந்துவிட்டார். அந்த வீட்டில் இனி லேடீஸ் வாட்ச் கட்ட யாரும் இல்லை.

வேண்டாங்க சார். இவ்வளவுதான் அவள் சொல்ல வேண்டியது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் நிர்மல் டிரேயோடு வந்து நின்றான். வாயெல்லாம் பல்.

அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஒன்றைத் தொட்டார். ரோஸ் கோல்டு, சின்ன டயல், ஆறு மாதமாக நகராமல் கிடந்த மாடல்.

பெட்டி வேண்டாம் என்றார். கையை நீட்டினார்.

அவள் கட்டிவிட்டாள்.

கச்சிதமாக இருந்தது. செயினில் ஒரு கண்ணிகூடக் கழற்ற வேண்டியிருக்கவில்லை.

அவள் குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

டிரைவர் உள்ளே வந்து, தோளைப் பிடித்து எழுப்பினான். கதவு வரை மெதுவாக நடந்து, அங்கே நின்று, திரும்பினார்.

"வந்ததும் கூப்புடுங்க அம்மிணி. போன எடுக்கலீன்னா உட்றாதீங்க. மறுக்காக் கூப்புடுங்க."

கூப்பிடுகிறேன் என்றாள்.

அந்தப் பொய்யையும் சொன்னாள்.