புல்வெளிக்குப் போகிற வழி

மட்டக்குதிரை சிட்டான் விடிந்ததும் மலைப் புல்வெளிக்குக் கிளம்பியது. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் கால் தப்பாத பாதை. ஓடைத் திருப்பத்தில் மூக்கில் ஏதோ சுருக்கென்று குத்தியது. பார்த்தால், வழியை மறித்து முள்கம்பி வேலி! சிட்டான் ஆடிப்போய்விட்டது.

“அடப்பாவி! எங்க பாட்டன் பூட்டன் நடந்த வழி இது. உன்னை எந்தப் படுபாவி இங்கே கொண்டாந்து போட்டான்?”

“என்னண்ணே, என்னைத் தெரியலையா?” என்றது முள்கம்பி. “நேத்து சாக்கு மூட்டை முதுகுல குத்துதுன்னு முனகிக்கிட்டே மலையேறினீங்களே, அதுக்குள்ள இருந்தது நான்தான். நீங்க இல்லேன்னா நான் இவ்வளவு தூரம் வந்திருக்கவே முடியாதுண்ணே.”

சிட்டான் திரும்பித் தன் முதுகைப் பார்த்தது. முதுகுக் காயம் அப்போதுதான் எரியத் தொடங்கியது.